பத்து டிகிரியில் உறையும் தண்ணீர்

மார்கழி இரவில் காந்தலூரின் குளிர் 10 டிகிரிக்கு இறங்குவதுண்டு. அந்தக் குளிரில் வாளித் தண்ணீர் உறையாது. ஆனால் அதே தண்ணீரை மீத்தேன் வாயுவோடு ஒரு கலனில் அடைத்து, காற்றழுத்தத்தைப் போல 75 மடங்கு அழுத்திக் கலக்கினால் வெள்ளைக் கட்டியாக இறுகத் தொடங்கும். வெளியே எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும். இதுதான் வாயு ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து கூண்டு கட்ட, உள்ளே மீத்தேன் சிக்கிக்கொள்கிறது. 1 கனமீட்டர் கட்டிக்குள் சுமார் 160 கனமீட்டர் வாயு!

குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டி அல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று 1934-ல் அமெரிக்காவின் ஹாமர்ஷ்மிட் எடுத்துக்காட்டினார்.

கொச்சியிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக் கூற்றநாடு வழியாக மங்களூர் போகும் கெயில் குழாய்க்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. அதில் ஓடும் எரிவாயு கப்பலில் திரவமாக வந்தது. திரவமாக்கும் முன்பே ஈரத்தை நீக்கிவிடுவார்கள். சிக்கல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில். அங்கே 2020 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய ஆர் கிளஸ்டர் வயல் 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. கடலடியில் சில டிகிரிக் குளிர். கிணற்றிலிருந்து வரும் வாயுவிலோ அழுத்தமும் உண்டு, ஈரமும் உண்டு.

அதனால் கிருஷ்ணா-கோதாவரியின் கடலடிக் குழாய்களில் மோனோ எத்திலீன் கிளைக்கால் செலுத்துகிறார்கள். கார் ரேடியேட்டர் கூலன்டில் இருக்கும் அதே பொருள். தண்ணீர் மூலக்கூறுகளை இது தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கூண்டு கட்ட ஆள் குறைகிறது. உறைய இன்னும் அதிகக் குளிர் தேவைப்படுகிறது. ஆனால் தண்ணீரின் எடையில் கால் பங்கு, சில இடங்களில் பாதிகூட ஊற்ற வேண்டும். கரைக்கு வந்ததும் காய்ச்சித் தண்ணீரைப் பிரித்து, கிளைக்காலை மறுபடி கடலுக்குள் அனுப்புவார்கள். மெத்தனாலும் இதே வேலையைச் செய்யும். எளிதில் ஆவியாகி வாயுவோடு போய்விடுவதால் இழப்பு அதிகம்.

வேறொரு வகை மருந்து, 1 சதவீத அளவே போதும். மாத்திரையை இறுக்கிப் பிடிக்கச் சேர்க்கும் பி.வி.பி. என்ற பாலிமர் அதில் ஒன்று. வளரத் துடிக்கும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். தாமதம்தான், தடை அல்ல. மூன்றாவது வகை, படிகம் உண்டாவதை விட்டுவிட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அதற்குக் குழாயில் எண்ணெயும் ஓட வேண்டும்.

எதைச் சேர்த்தாலும் நல்லதென்று நினைத்துவிடக் கூடாது. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் டோடெசில் சல்பேட்டைச் சில துளி விட்டால் ஹைட்ரேட் வேகமாக வளரும். 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஈத்தேன் ஹைட்ரேட்டின் வேகம் 700 மடங்குக்கு மேல் கூடியது! குழாய்க்கு எதிரியான இதே குணம், வாயுவைத் திடமாகச் சேமிக்க நினைப்பவர்களுக்கு வரம். சென்னை ஐஐடியில் ராஜ்நீஷ் குமாரின் குழு, மக்கக்கூடிய அமினோ அமிலங்கள் ஹைட்ரேட்டை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்கிறது.

அடைப்பு விழுந்தபின் அவசரப்பட்டு ஒரு பக்க அழுத்தத்தை மட்டும் இறக்கினால், மறுபக்க அழுத்தம் கட்டியை விசையோடு தள்ளும். வளைவில் மோதிக் குழாயே கிழியலாம். இரு பக்கமும் மெல்ல இறக்கி, கரையும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாயு ஓட்டம் நின்று குழாய் குளிர்ந்துபோகும் நாளில், தாமதப்படுத்தும் மருந்தை மட்டும் நம்ப முடியாது. எண்ணெயில்லாத ஆழ்கடல் வாயுக் குழாய்க்கு இன்றைய உறுதியான காவல் கிளைக்காலும் மெத்தனாலும்தான். செலவைக் காட்டி அவற்றின் அளவில் கைவைக்கக் கூடாது.