உறைபனியும் பழச்செடியும்

குளிர்நாட்டுப் பழச்செடி ஒன்றை எப்போது நடுவது என்று வினவினால், குளிர் நீங்கிய பின்னரே என்று விடைகூறத் தோன்றும். பிரித்தானியத் தோட்டக்காரர் அவ்வாறு செய்வதில்லை. பிளாக்கரன்ற் எனப்படும் கறுத்த சிறுபழம் தரும் செடியை அவர்கள் நடுவது நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள குளிர்காலத்திலேயாகும்.

இலையுதிர்ந்த செடி அப்பொழுது உறங்குகின்றது. வேரில் மண்ணின்றிப் பெயர்த்து நட்டாலும் வாடுவதில்லை. நவம்பரில் நிலத்திற் கோடை வெப்பம் சிறிது எஞ்சியிருப்பதால், அரும்பு விழிக்குமுன் வேர் பிடித்துக்கொள்ளும். ஆகவே முற்கூட்டி நடுதலே நன்று. நிலம் உறைந்தோ நீர் தேங்கியோ இருப்பின் மட்டும் பொறுத்தல் வேண்டும். முன்னிருந்ததிலும் இரண்டு அங்குலம் ஆழமாக நட்டு, நிலத்தையொட்டி ஓரிரு அரும்புகளை மட்டும் விட்டுக் கிளைகளை வெட்டிவிடுவர். பார்ப்பவர் மனம் பதைக்கும். ஆயினும் அடியிலிருந்து புதுத்தண்டுகள் கிளம்ப அதுவே வழி.

அங்ஙனமாயின் உறைபனிக் கணக்கு எதற்கு? பூவுக்காக. உறங்கும் தண்டு பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரையும் தாங்கும். விரிந்த பூவோ கீழே 2 பாகையளவிலேயே கருகிவிடும். பூத்த பின்னர் வரும் ஓரிரவுப் பனி அவ்வாண்டு விளைச்சலையே கொண்டுபோய்விடலாம். இங்கிலாந்தின் தென்கரையில் இறுதி உறைபனி பெரும்பாலும் ஏப்ரலில் முடியும். ஸ்கொத்லாந்தின் உட்பகுதியிலோ மே இறுதிவரை நீளும். இத்திகதிகள் பல ஆண்டுச் சராசரியேயன்றி உறுதிமொழி அல்ல. மேலும் குளிர்ந்த காற்றுப் பாரமானது. தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓரூரிலேயே மேட்டுத் தோட்டம் தப்ப, பள்ளத்துத் தோட்டம் கருகும். நாட்காட்டியைப் பார்ப்பதிலும் நிலத்தின் கிடையைப் பார்ப்பதே மேலென்பேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் தோடம்பழ இறக்குமதி தடைப்பட்டபோது, பிள்ளைகளுக்கு விற்றமின் சி அளிக்கப் பிரித்தானியா இப்பழச்சாற்றைப் பெரிதும் நாடியது. பூக்கருகல் அற்ப நட்டமன்று. டண்டி நகரருகே இன்வர்கவுரி ஆராய்ச்சி நிலையத்தார், ஸ்கந்திநேவிய இனங்களைக் கலந்து, பனிக்குத் தப்பிப் பிந்திப் பூக்கும் 'பென் லோமொண்ட்' இனத்தை 1975இல் வெளியிட்டனர்.

நுவரெலியாவிலும் தை, மாசியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதுண்டே, அங்கு இதனை வளர்க்கலாகாதா என்று கேட்பீர்கள். இச்செடி உறங்கியெழுவதற்கு, 7 பாகைக்குக் குறைந்த குளிர் ஆயிரம் மணித்தியாலத்திற்கும் மேலாக வேண்டும். நுவரெலியாவில் விடியலில் உறைந்த புல் முற்பகலிலேயே வெயிலிற் காய்கின்றது. அக்குளிர் பூவைக் கருக்கப் போதும். அரும்பை எழுப்பப் போதாது. அங்கு ஸ்ரோபெரி பயிரிடுவோர் தக்கதையே தேர்ந்துள்ளனர்.