நகர வெப்ப வழங்கலும் கட்டடங்களின் கணித உருவும்

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டை வெப்பமூட்டுதல் உணவையும் உடையையும் போல இன்றியமையாததாகும். வீடுதோறும் தனித்தனியே எரிபொருளை எரிப்பதை விடுத்து, ஓரிடத்திற் சூடாக்கிய நீரை நிலக்கீழ்க் குழாய்கள் வாயிலாக நகரெங்கும் அனுப்புவதே நகர வெப்ப வழங்கலாகும். 1877இல் ஐக்கிய அமெரிக்காவின் லொக்போட் நகரில் பேர்ட்சில் ஹொலி என்பார் நீராவியைக் கொண்டு இம்முறையைத் தொடங்கினார். 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியின் பின், டென்மார்க் 1979இல் வெப்ப வழங்கற் சட்டத்தை இயற்றியது. இன்று அந்நாட்டு வீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இம்முறையாலேயே வெப்பம் பெறுகின்றன.

நாளை விடியற்காலையில் நகருக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதே இவ்வழங்கலை நடத்துவோரின் முதல் வினா. குறைத்து மதிப்பிடின் முதியோரும் குழந்தைகளும் குளிரால் வருந்துவர். மிகுத்து மதிப்பிடின் எரிபொருள் வீணாகும். எனவே கட்டடங்களின் வெப்ப இயல்பைக் கணினியிற் கணித்தறிதல் வேண்டற்பாலது.

தனிக் கட்டடமொன்றின் சுவர், கூரை, சாளரம் அனைத்தையும் நுணுகி ஆராய்ந்து கணித்தல் கூடும். ஆயின் பல்லாயிரங் கட்டடங்களுக்கு அத்துணை விவரங்கள் கிடைப்பதரிது. ஆதலின் அறிஞர் மின்சுற்றின் ஒப்புமையைக் கைக்கொள்வர். வெப்பநிலை வேறுபாடு மின்னழுத்த வேறுபாட்டையும், வெப்பப் பாய்ச்சல் மின்னோட்டத்தையும் ஒக்கும். வெப்பம் வெளியேறாது தடுக்கும் சுவர் மின்தடை போன்றது. வெப்பத்தைத் தேக்கிவைக்கும் அதன் திணிவு கொள்ளளவி போன்றது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். உள்ளே 20 பாகையும் வெளியே 0 பாகையும் நிலவும் வீடொன்று, பாகை ஒன்றுக்கு 200 வாற்று வீதம் வெப்பம் இழக்கின்றது எனக் கொள்வோம். இழப்பு 4 கிலோவாற்றாகும். அவ்வீட்டின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 10 கிலோவாற்று மணி வேண்டுமாயின், வெப்பத்தை நிறுத்தியபின் அது முதலில் மணிக்கு 0.4 பாகை வீதமே குளிரும். இரண்டு மணி நேரத்திலும் வீழ்ச்சி ஒரு பாகையை எட்டாது. உண்மையிலோ அறையின் வளி விரைந்தும் சுவர் மெதுவாகவும் குளிரும். ஆதலின் இரண்டுக்கும் தனித்தனிக் கொள்ளளவு கொள்வதே பொருந்தும். தடையையும் கொள்ளளவையும் மானிகள் காட்டும் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வர்.

இதனாற் பெறும் பயன் யாது? கட்டடமே வெப்பக் களஞ்சியமாகின்றது. காலையில் எல்லா வீடுகளும் ஒருங்கே வெப்பம் வேண்டும் வேளைக்கு முன்னரே சுவர்களைச் சிறிது சூடேற்றிவைப்பின், அவ்வுச்ச வேளைக்கென மேலதிகக் கொதிகலன்களை எரிக்கும் தேவை குறையும். குளிர்நீரை வழங்கும் வெப்ப நாட்டு நகரங்களுக்கும் இக்கணிதமே பொருந்தும். பாய்ச்சலின் திசை மட்டுமே மாறும்.

எனினும், ஒருவர் எப்பொழுது சாளரத்தைத் திறப்பார் என்பதை எக்கணினியும் முன்னறியாது. தனி வீட்டின் கணிப்புப் பிழைபடலாம். ஆயிரம் வீடுகளைச் சேர்த்து நோக்குங்கால் அப்பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். நகருக்கு வேண்டுவது அம்மொத்தமே. ஆதலின் இங்கு எளிய கணித உரு குறையுடையதன்று. நோக்கத்திற்கு ஏற்ற அளவினது என்பதே பொருந்தும்.