இதயத்தின் மின்சாரம் தளரும்போது கல்சியம் ஊசி செய்யும் வேலை

இதயம் மின்சாரத்தால் இயங்குகிறது என்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்பார்கள். வலது சோணையறையில் உள்ள சிறு கணு ஒன்றில் மின்துடிப்பு பிறக்கிறது. அது நடுவிலுள்ள இன்னொரு கணுவில் சற்றுத் தாமதித்து, பின்னர் இதயவறைகளுக்குப் பாய்கிறது. இந்தப் பாதையில் வேகம் குறைந்தால் துடிப்பு மந்தமாகும், நின்றும் விடலாம்.

எல்லா மந்தத்துக்கும் மருந்து ஒன்றல்ல. வேகஸ் நரம்பு அளவுமீறிக் கடிவாளத்தை இழுத்தால் அத்ரோபின் அதைத் தளர்த்தும். ஆனால் நான் இங்கு பேச விரும்புவது பொட்டாசியத்தைப் பற்றி. சிறுநீரக நோயாளர் உள்ள வீடுகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

இரத்தத்தில் பொட்டாசியம் லீற்றருக்கு சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பழுதடைந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது அளவு ஏறுகிறது. அப்போது இதயக் கலங்களின் சோடியம் வாயில்கள் பல செயலிழந்து, மின்னலை ஊர்ந்து செல்கிறது. ஈ.சி.ஜி.யில் கூரிய உயர்ந்த அலைகள் தெரியும், பிறகு கோடுகள் அகன்றுகொண்டே போகும். நோயாளிக்கோ வெறும் உடற்சோர்வு மட்டுமே இருக்கலாம், சிலருக்கு அதுவும் இராது.

இந்த நிலையில் வைத்தியர்கள் முதலில் ஏற்றுவது கல்சியம் குளுகோனேற். சில நிமிடங்களில் ஈ.சி.ஜி. சீராகும். கலச்சுவரை அது உறுதிப்படுத்துகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. சோடியம் வாயில்கள் சோர்ந்தபோது கல்சியம் வாயில்கள் வழியே மின்னலையைக் கடத்த உதவுகிறது என்பதே அண்மைய ஆய்வுகளின் விளக்கம்.

இங்குதான் ஓர் ஆபத்து. கல்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதே இல்லை! அதன் பலன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைதான். "இப்போ நல்லாத்தானே இருக்கார், வீட்ட கூட்டிப் போகலாமா டொக்டர்?" என்று உறவினர்கள் கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். போகக் கூடாது. அடுத்து இன்சுலினும் குளுக்கோசும் கொடுத்து, தொய்வு நோயாளர்கள் பயன்படுத்தும் சல்பியூட்டமோலையும் சேர்த்து, பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளுவார்கள். அதுவும் தற்காலிகமே. உடலை விட்டு அது வெளியேற வேண்டும். சிறுநீரகம் கைவிட்டால் டயலிசிஸ்தான் வழி.

சிறுநீரக நோயாளர்கள் செவ்விளநீர், பேரீத்தம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றை எவ்வளவு எடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. லொசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலக்டோன் ஆகிய குளிசைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கடைசியாக எப்போது இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.