வலையொலி தயாரிப்பு

வலையொலி தயாரிப்பு என்பது பேச்சு, நேர்காணல், கதை முதலியவற்றை ஒலிப்பதிவு செய்து, கணினியில் தொகுத்து, இணையம் வழியாகத் தொடராக வெளியிடும் பணியாகும். வலையொலி பேச்சு வழக்கில் பாட்காஸ்ட் என அழைக்கப்படுகின்றது. ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, கட்டற்ற மென்பொருள் ஒன்று ஆகியவை இருந்தால் தனியொருவரே இதனைச் செய்ய இயலும். தொகுப்பு மென்பொருளைக் கற்பது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. மென்பொருளால் தேவையற்றதை வெட்டவும் குறைக்கவும் முடியும். சரியாகப் பதிவாகாத பேச்சை அதனால் மீட்டுத் தர முடியாது. அமைதியான ஒலிப்பதிவுக் கூடம் கிடைக்காத இடங்களில் இது மேலும் முக்கியமாகின்றது. அத்தகைய சூழலுக்கு எடுத்துக்காட்டாக, வடசென்னைத் தொழிற்பகுதியை ஒட்டிய மீஞ்சூர் வட்டாரம் இக்கட்டுரையில் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

2000 ஆம் ஆண்டில் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை வடிவத்தில் ஒலிக்கோப்பின் முகவரியை இணைக்கும் வசதியைச் சேர்த்தார். இதன் மூலம் புதிய ஒலிக்கோப்பு வெளியானதும் அதனைக் கேட்பவரின் கருவி தானாகவே பதிவிறக்கும் வழி உருவானது. 2004 இல் ஆடம் கரி முதலியோர் இம்முறையைப் பரவலாக்கினர். அதே ஆண்டு பெப்ரவரியில் பென் ஹாமர்சிலி கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் பாட்காஸ்டிங் என்ற சொல் இடம்பெற்றது. ஐபாட் என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து இச்சொல் ஆக்கப்பட்டது. 2005 சூனில் ஆப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்சு மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்த பின்னர் இவ்வூடகம் விரைவாக வளர்ந்தது.

வானொலியிலிருந்து வேறுபாடு

இந்தியாவில் வானொலி நிலையம் நடத்த அரசின் உரிமமும் அலைவரிசை ஒதுக்கீடும் தேவை. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 இல் வழி செய்யப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பெப்ரவரியில் தொடங்கியது. 2006 இல் இக்கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பாம்பனில் மீனவ மக்களுக்காக 2016 இல் தொடங்கப்பட்ட கடல் ஓசை இவ்வகை நிலையங்களுள் ஒன்றாகும். கடல் நிலை, தொழில், வாழ்க்கை ஆகியவை பற்றி மீனவர்கள் தம் மொழிநடையிலேயே பேசவும் கேட்கவும் அது இடமளித்தது.

வலையொலிக்கு அலைவரிசையோ கோபுரமோ தேவையில்லை. ஆகவே சமுதாய வானொலி எட்டாத ஊர்களிலும் இதே பணியைச் சிறிய அளவில் செய்ய முடியும். ஆனால் வானொலியைப் போல இது எல்லாருக்கும் தானாகச் சென்று சேர்வதில்லை. கேட்பவர் தேடி வர வேண்டும். அவரிடம் இணைய இணைப்பும் இருக்க வேண்டும்.

தொகுப்பு மென்பொருள்கள்

தொடக்க நிலையினர் பெரிதும் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளாகும். இது அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டோமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகியோரால் 1999 இல் தொடங்கப்பட்டு 2000 மே மாதம் வெளியிடப்பட்டது. விண்டோசு, மாக், லினக்சு ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இயங்குகின்றது. இதன் இடைமுகம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. 2021 இல் மியூஸ் குழுமம் இதன் பொறுப்பை ஏற்றது.

முந்தைய பதிப்புகளில் ஒரு திட்டம் ஒரு சிறு கோப்பாகவும் அதனுடன் ஒரு தரவுக் கோப்புறையாகவும் சேமிக்கப்பட்டது. கோப்பை மட்டும் படியெடுத்துக் கோப்புறையை விட்டவர்கள் தம் பணியை இழக்க நேர்ந்தது. 2021 இல் வெளியான 3.0 பதிப்பு முதல் முழுத் திட்டமும் ஒரே கோப்பில் சேமிக்கப்படுகின்றது.

ஆர்டர் (கட்டற்ற மென்பொருள்), ரீப்பர், ஆப்பிள் கணினிகளுக்கான கராஜ்பேண்டு, அடோபி ஆடிசன் ஆகியவை பிற மென்பொருள்களாகும். ஒன்றில் கற்ற அடிப்படைகள் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

எண்முறை ஒலியின் அடிப்படை

ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின் அலையாக மாற்றுகின்றது. கணினி அந்த அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கின்றது. நொடிக்கு 44,100 முறை அளப்பது பொதுவான வழக்கம். மனிதச் செவி உணரும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு ஆகும். அதனைப் பதிய அதன் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

இந்த அளவில், 16 பிட்டு ஆழத்தில், ஒரே தடத்தில் எடுக்கப்படும் பதிவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட்டு இடம் பிடிக்கும். அரை மணி நேரப் பேச்சு 159 மெகாபைட்டு வரை வரும். அதையே நொடிக்கு 64 கிலோபிட்டு என்ற அளவில் எம்பி3 ஆகச் சுருக்கினால் 14.4 மெகாபைட்டு போதும். சுருக்கும்போது செவி எளிதில் உணராத கூறுகள் நிரந்தரமாக நீக்கப்படுகின்றன. எனவே பதிவும் தொகுப்பும் சுருக்கப்படாத வேவ் போன்ற வடிவத்தில் நடைபெற வேண்டும். எம்பி3 வெளியீட்டின் இறுதிப் படியில் மட்டும் உருவாக்கப்பட வேண்டும்.

இரைச்சல் மிகுந்த இடத்தில் பதிவு செய்தல்

மீஞ்சூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பேரூராகும். சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. புறநகர் வண்டிகளுடன் தொலைதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இப்பாதையில் ஓடுகின்றன. கிழக்கே கடற்கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எண்ணூர்க் காமராசர் துறைமுகமும் உள்ளன. அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் அனல்மின் நிலையங்கள் அமைந்துள்ளன. துறைமுகச் சாலைகளில் சரக்குப் பெட்டக லாரிகள் செல்கின்றன. இத்தகைய இடத்தில் எடுக்கப்படும் பதிவில் நால்வகை இரைச்சல்கள் கலக்கக்கூடும்.

1. மாறாத இரைச்சல்: மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றின் ஓசை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்சில் வழங்கப்படுவதால் மின்கருவிகளின் முனகல் 50, 100 ஹெர்ட்சுகளில் கேட்கும்.

2. தாழ்ந்த உறுமல்: லாரி, சரக்கு வண்டி ஆகியவற்றின் அதிர்வு. இதன் பெரும்பகுதி பேச்சொலிக்குக் கீழே இருப்பதால் ஓரளவு பிரித்தெடுக்கலாம்.

3. திடீர் ஓசை: வண்டியின் ஊதல், வாகன ஒலிப்பான். இதை நீக்க மென்பொருளை நம்புவதை விட, ஓசை அடங்கும் வரை காத்திருந்து அந்த வாக்கியத்தை மீண்டும் சொல்லச் செய்வதே நல்லது.

4. பேச்சை ஒத்த ஓசை: அருகில் இருப்போரின் பேச்சு, ஒலிபெருக்கிப் பாட்டு. இது குரலின் அதிர்வெண்களிலேயே இருப்பதால் பிரிப்பது மிகக் கடினம்.

இவை அனைத்துக்கும் முதல் மருந்து ஒலிவாங்கியைப் பேசுபவரின் அருகில் வைப்பதாகும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறைகின்றது. சுற்றுப்புற இரைச்சலோ அதே அளவில் நிற்கின்றது. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள கைப்பேசியை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் உயரும். பின்னர் எந்த வடிகட்டியைப் பயன்படுத்தினாலும் இத்தகைய தெளிவு கிடைப்பதில்லை. வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகர ஒலியில் எழும் காற்று ஒலிவாங்கியைத் தாக்காது. துணிகளும் பாய்களும் உள்ள சிறிய அறை, எதிரொலிக்கும் வெற்றுக் கூடத்தை விட ஏற்றது.

பேச்சைத் தொடங்குமுன் யாரும் பேசாமல் அவ்விடத்தின் ஓசையை மட்டும் அரை நிமிடம் பதிவது வழக்கம். இரைச்சல் நீக்கத்திற்கு மாதிரியாகவும், வெட்டிய இடங்களை நிரப்பவும் இது பயன்படுகின்றது. பதிவின் உச்ச அளவு 0 டெசிபலைத் தொடக்கூடாது. தொட்டால் அலையின் முனை மழுங்கிக் கரகரப்பு உண்டாகும். அதைச் சீராக்க இயலாது.

தொகுக்கும் வரிசை

தொகுப்பு பொதுவாகக் கீழ்க்காணும் வரிசையில் நடைபெறுகின்றது.

1. மூலப்பதிவைத் தனியாகப் படியெடுத்து வைத்தல். ஆடாசிட்டியில் செய்ததை மீளப்பெறும் வசதி, திட்டத்தை மூடியதும் இல்லாமற் போகும்.

2. முழுவதையும் ஒருமுறை கேட்டு, நீக்க வேண்டிய இடங்களைக் குறித்தல்.

3. தேவையற்ற பகுதிகளை வெட்டுதல். அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் சொடுக்கொலி எழாது.

4. ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள உறுமலை வடிகட்டுதல்.

5. மாதிரி கொடுத்து மாறாத இரைச்சலைக் குறைத்தல். அளவு மீறினால் குரல் நீருக்குள் இருந்து வருவது போலத் தோன்றும். சிறிது இரைச்சல் எஞ்சுவது குரல் கெடுவதை விட மேலானது.

6. உரத்த, மெல்லிய குரல்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஒடுக்கியால் குறைத்தல்.

7. மொத்த ஒலியளவைச் சீராக்குதல். ஆப்பிள் நிறுவனம் வலையொலிகளுக்கு −16 எல்யூஎஃப்எஸ் என்ற சராசரி உரப்பைப் பரிந்துரைக்கின்றது.

தமிழ்ப் பேச்சைத் தொகுக்கும்போது கவனிக்க வேண்டியவை

மென்பொருள்களில் மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதி உண்டு. தமிழில் இதனை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். க்க, ட்ட, த்த, ப்ப முதலிய இரட்டித்த வல்லினங்களை ஒலிக்கும்போது காற்று அடைபட்டு ஒரு சிறு மௌனம் உண்டாகின்றது. குறுகிய கால அளவை அமைத்தால் மென்பொருள் இதையும் வெட்டிவிடும். "பட்டம்" என்ற சொல் "படம்" என்பதை நெருங்கும். அரை நொடிக்கு மேற்பட்ட மௌனங்களை மட்டும் சுருக்குவது பாதுகாப்பானது.

ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு நுண்ணிய அதிர்வெண் வேறுபாடுகளில் அமைந்துள்ளது. மிகையான இரைச்சல் நீக்கமும் மிகையான சுருக்கமும் இவ்வேறுபாட்டை மங்கச் செய்யும்.

அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றல் முறையில் குரலைத் தூய்மையாக்கும் கருவிகள் வந்துள்ளன. இவற்றுள் சில, கேட்காத பகுதியை ஊகித்துப் புதிதாக உருவாக்குகின்றன. வட்டாரச் சொற்களும் தொழிற்சொற்களும் இவ்வூகத்தில் திரியக்கூடும். கொண்டல், கச்சான் எனக் காற்றின் பெயரைச் சொல்லும் மீனவரின் பேச்சை இவ்வாறு தூய்மையாக்கினால், மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

பொருள் மாறாமை

வெட்டுதல் தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று. தமிழில் வினையும் எதிர்மறையும் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகின்றன. "ஆலை வந்ததால் எங்களுக்கு வேலை கிடைத்தது என்று சொல்ல முடியாது" என்ற வாக்கியத்தைக் "கிடைத்தது" என்பதோடு வெட்டினால், சொன்னவரின் கருத்து நேர்மாறாகிவிடும். கேட்பவருக்கு வெட்டிய இடம் தெரியாது. எனவே தமிழ் நேர்காணல்களில் வாக்கியம் முடிந்த பின்னரே வெட்ட வேண்டும். "என்று" எனத் தொடரும் இடங்களில் இருமுறை கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

எண்ணூர் வட்டாரத்தில் இத்தகைய கவனம் பெரிதும் வேண்டப்படுகின்றது. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயலை ஒட்டிய வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து மீனவர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளை நேரில் கண்டவர்களின் பேச்சு வரலாற்றுச் சான்றாகும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லி வைப்பதும், பேசுபவரின் ஒப்புதலைப் பெறுவதும், பெயரை வெளியிடலாமா எனக் கேட்பதும் நல்ல நடைமுறைகள். வெளியிடுமுன் தொகுத்த வடிவத்தை அவருக்குப் போட்டுக் காட்டினால் பிழைகள் தெரியவரும்.

இரைச்சல் முழுவதையும் நீக்குவதும் எப்போதும் சரியன்று. படகின் பொறியோசை, மீன் ஏலம் விடும் குரல், சரக்கு வண்டியின் தடதடப்பு ஆகியவை அவ்விடத்தின் சான்றுகளே. இவற்றைத் தனித் தடத்தில் பதிந்து பேச்சின் கீழே தாழ்ந்த அளவில் இழையவிடலாம். பேச்சு தெளிவாக இருந்தால் மட்டுமே இது சாத்தியமாகும்.

வெளியீடும் பாதுகாப்பும்

முடிந்த எம்பி3 கோப்பு ஒரு வழங்கியில் ஏற்றப்பட்டு, அதன் முகவரி தலைப்பு, நாள், விளக்கம் ஆகியவற்றுடன் ஆர்எஸ்எஸ் ஓடையில் சேர்க்கப்படுகின்றது. அவ்வோடை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை முதலிய அடைவுகளில் ஒருமுறை பதிவு செய்யப்பட்டால், பின்னர் வெளியாகும் பகுதிகள் தாமாகவே அங்குத் தோன்றும். முகப்புப் படம் சதுர வடிவில் 1400 முதல் 3000 படவணுக்கள் வரை இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் நிறுவனத்தின் விதியாகும். உரையின் எழுத்து வடிவத்தையும் உடன் வெளியிட்டால் செவித்திறன் குறைந்தோருக்கும் தேடுபொறிகளுக்கும் பயன்படும். பிறரது திரைப்பாடல்களைப் பின்னணியாகச் சேர்க்க உரிமையாளரின் இசைவு தேவை.

வெளியீட்டுத் தளங்கள் நிலையானவை அல்ல. 2018 இல் தொடங்கப்பட்ட கூகுள் பாட்காஸ்ட்சு 2024 இல் மூடப்பட்டது. ஆகவே சுருக்கப்படாத மூலப்பதிவு, திட்டக் கோப்பு, வெளியிட்ட எம்பி3 ஆகிய மூன்றையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பது பரிந்துரைக்கப்படுகின்றது. இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பேணும் நூலக நிறுவனம், வாய்மொழி வரலாறு உள்ளிட்ட ஒலிப்பதிவுகளையும் தனது ஆவணகம் தளத்தில் சேர்த்து வருகின்றது. நாள், இடம், பேசுபவர், பேசுபொருள், உரிமம் ஆகியவை முறையாகக் குறிக்கப்பட்ட பதிவுகளே இவ்வகைச் சேகரங்களில் பிற்காலத்தவர் தேடி எடுக்கக்கூடியவையாக அமைகின்றன.