துளையில் இருக்கு திருப்பம்!

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பஸ், 40 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும், இல்லையா குட்டீஸ்? அதற்கு டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஸ்டீயரிங்கே இல்லாமல் வளையும் பந்து தெரியுமா?

அதுதான் 'டென்பின் பவுலிங்' பந்து. 60 அடி தூரத்தில் நிற்கும் 10 கட்டைகளை, பந்தை உருட்டி விழ வைக்கும் விளையாட்டு இது. தமிழக வீரர் ஷபீர் தன்கோட் இதில் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர்.

பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு. அதாவது சுமார் 7.25 கிலோ. உள்ளே கனமான கரு ஒன்று இருக்கும். வீரரின் விரல் அளவுக்கேற்ப துளை போடுவார்கள். வீரர் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றி விடுவார். ஓடுதளத்தின் முன்பகுதியில் எண்ணெய் இருப்பதால் பந்து வழுக்கும். எண்ணெய் தீர்ந்ததும் பிடிப்பு கிடைத்து 'சட்'டென வளையும். கருவுக்கு எந்தப் பக்கம் துளை இருக்கிறதோ, அதைப் பொறுத்து இந்த வளைவு கூடும், குறையும்.

அப்படியானால் இஷ்டத்துக்குத் துளை போடலாமா? கூடாது! முன்பு, விரலே நுழைக்காத கூடுதல் துளை ஒன்று போட்டு எடையைச் சரி செய்வார்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் அதைத் தடை செய்தது. 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தை இரு பாதியாக எண்ணிக் கொண்டால், இடம் - வலம், மேல் - கீழ், முன் - பின் எதிலும் வித்தியாசம் 3 அவுன்சுக்கு மேல் போகக்கூடாது. அது சுமார் 85 கிராம்தான்! இதை அளக்கத் தனித் தராசே உண்டு. ஏன் இவ்வளவு கறார்? ஜெயிப்பது வீரரின் திறமையாக இருக்க வேண்டும், துளையின் தந்திரமாக இருக்கக்கூடாது என்பதால்தான்.

ஒரு பிளாஸ்டிக் பந்தின் ஒரு பக்கம் கொஞ்சம் களிமண் ஒட்டி உருட்டிப் பாருங்கள். எடை செய்யும் வேலை உங்களுக்கே புரியும்!