உஷார்! பீச் போட்டோவை டாக்குமெண்ட்டாக அனுப்புகிறீர்களா?

“மச்சி, போட்டோவா போடாத, கிளாரிட்டி போயிடும். டாக்குமெண்ட்டா அனுப்பு.”

ஈசிஆரில் புதுவைப் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. காலாப்பட்டுக் கடற்கரைக்கோ செரினிட்டி பீச்சுக்கோ போய்விட்டுத் திரும்பும் பிள்ளைகள். கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் என்றால் அந்தமான். நண்பன் சொல்லும் யோசனையில் தப்பே இல்லை, படம் தெளிவாகத்தான் போய்ச் சேரும். சேரக் கூடாத வேறு சிலதும் அதோடு சேர்ந்து போகும் என்பதுதான் சிக்கல்.

வாட்ஸப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால், ஆப் அதைச் சுருக்கிப் புதிதாக எழுதித்தான் அனுப்புகிறது. தெளிவு குறைகிறது, படத்துக்குள் போன் எழுதிவைத்த குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் ஒரு பைட்கூட மாறாது. ஈமெயில் அட்டாச்மெண்ட், டிரைவ் லிங்க், பென் டிரைவ் எல்லாமே இப்படித்தான். என்ன போன், எந்த நாள், எத்தனை மணி எத்தனை விநாடி, லொகேஷன் ஆனில் இருந்தால் எந்த இடம் என்பது வரை ‘எக்ஸிஃப்’ என்ற பகுதியில் பதிவாகியிருக்கும். இடம் என்றால் “புதுச்சேரி” என்று பொத்தாம் பொதுவாக அல்ல. காலாப்பட்டு ஏறக்குறைய 12.02, 79.86. தசமப் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று கூடினால் தரையில் சுமார் 11 மீட்டர்தான் நகர்வோம். போன் அதற்கும் நுணுக்கமாகவே எழுதுகிறது. விடுதியில் எந்த பிளாக், பிள்ளைச்சாவடியில் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க இது தாராளம். விடுதி மொட்டை மாடியில் எடுத்த ஒரு செல்ஃபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை இல்லையா? உங்கள் கேலரியில் ஒரு படத்தைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். விண்டோஸ் என்றால் ஃபைல் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ். லொகேஷன் பதிவாகியிருந்தால் இடமும் வந்து நிற்கும்.

ஆன்டிவைரஸ் மென்பொருளுக்கே தன் பெயரைக் கொடுத்த ஜான் மெக்காஃபி இதில்தான் மாட்டினார். கரீபியன் கடலில், பெலீஸ் நாட்டின் அம்பர்கிரிஸ் கீ தீவில் கடற்கரை வீட்டில் இருந்தவர் அவர். 2012 நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுபற்றி விசாரிக்க போலீஸ் தேடியதும் மெக்காஃபி தலைமறைவானார். டிசம்பர் 3 அன்று, அவரோடு இருந்த ‘வைஸ்’ இதழ்க்காரர்கள் பெருமையாக ஒரு படத்தை வெளியிட்டார்கள். ஐபோனில் எடுத்த படம். எக்ஸிஃபை யாரும் நீக்கவில்லை. குவாத்தமாலாவில் ரியோ டுல்சே என்ற ஊர், அங்கே ஒரு நீச்சல் குளத்தின் ஓரம் என்பது வரை சில மணி நேரத்தில் ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே நாளில் கைது. கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவருக்கே இந்தக் கதி.

காலாப்பட்டுக்கும் அந்தமானுக்கும் இருக்கும் உறவு சுற்றுலா மட்டுமல்ல. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை இருப்பது போர்ட் பிளேரில்தான் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). போய்வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அங்கே உங்கள் கேமராதான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. ஜாரவா மக்களின் காட்டு வழியே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் அவர்களைப் படமெடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2025 மார்ச் கடைசியில் ஓர் அமெரிக்க இளைஞர் தடைசெய்யப்பட்ட வடக்கு சென்டினல் தீவில் போய் இறங்கினார். ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக் டின்னும் வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் தீவில் இறங்கியதை போலீஸ் உறுதிசெய்தது, அவருடைய கோப்ரோ கேமராவில் இருந்த வீடியோவைப் பார்த்துத்தான். பவளப்பாறையில் உதிர்ந்த துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தேதி, இடத்தோடு ஒரு படமும் எடுத்து வைத்தால் வழக்குக்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

நம் ஊர்க் கரையிலும் ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் மணலில் ஏறி முட்டையிடும். பார்த்த சந்தோஷத்தில் படமெடுத்து நாலு குரூப்பில் லொகேஷனோடு பகிர்ந்தால், முட்டை திருடுகிறவனுக்கு வழி காட்டியதாக ஆகும். ஃபிளாஷும் வேண்டாம், ஆமை மிரண்டு முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். படமெடுக்க அலைக்குள் இறங்குகிற வீரர்களுக்கு ஒரு வரி: இரு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் தண்ணீர்ப் பாதைதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். குளிக்க வாகான இடம் என்று அங்கே காலை வைக்காதீர்கள்.

சரி, லொகேஷனை ஆஃப் செய்துவிட்டோம், முகத்தையும் டிக்கெட் நம்பரையும் வெட்டிவிட்டுத்தான் போடுகிறோம் என்கிறீர்களா? வெட்டியது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் ‘மார்க்கப்’ கருவியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், சிறிதான புதிய படம் பழைய ஃபைலின் மேலேயே எழுதப்பட்டது. புதியது முடிந்த இடத்துக்குப் பின்னால் பழைய படத்தின் வால் பகுதி அப்படியே கிடந்தது. படம் காட்டும் மென்பொருள்கள் ‘படம் முடிந்தது’ என்ற குறியைக் கண்டதும் நின்றுவிடும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. தேடத் தெரிந்தவர்கள் அந்த வாலிலிருந்து வெட்டிய பகுதியில் பெரும்பாலானதை மீட்டுக் காட்டினார்கள். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கோளாறு இருந்தது தெரிந்ததும் பலருக்குத் தூக்கம் போனது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் அப்டேட் வருவதற்கு முன் வெட்டி அனுப்பிய விமான டிக்கெட், ஆதார், வங்கி ஸ்டேட்மெண்ட் படங்களுக்கு எந்த அப்டேட்டும் உதவாது. அவை போனவர் கையில் போனபடியே இருக்கின்றன.

பிக்சலில் இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஓர் எழுத்து. ஃபைலை எழுதுவதற்காக ‘டபிள்யூ’ என்று திறந்தால் பழையது காலியாகிவிடும் என்று நம்பி நிரல் எழுதியிருந்தார்கள். ஆண்ட்ராய்டு 10-இல் அந்த எழுத்தின் வேலை சத்தமில்லாமல் மாறியது. காலி செய்ய ‘டபிள்யூ’வோடு ‘டி’யும் வேண்டும் என்று ஆனது.

இங்கேதான் காலாப்பட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி, தங்கைகளைப் பிடித்து நிறுத்திப் பேச வேண்டும். பைத்தானில் ஒரு ஜேபெக் படத்தைச் சும்மா ‘ஓப்பன்’ என்று திறந்து படித்தால் உடனே சிவப்பில் ஒரு பிழை வரும்: பூஜ்ஜியமாவது இடத்தில் இருக்கும் பைட்டை யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியவில்லை என்று. வராமல் என்ன செய்யும்? ஜேபெக் படத்தின் முதல் பைட் 255, அடுத்தது 216. யூடிஎஃப்-8 எழுத்து எதிலும் 255 வரவே வராது. எழுத்தே இல்லாத ஒன்றை எழுத்தாக வாசிக்கச் சொன்னோம், மாட்டேன் என்றது. நல்ல பிழை அது, காப்பாற்றுகிற பிழை.

கெடுதல் அதற்குப் பிறகு வருகிறது. பக்கத்து சீட் நண்பன் “எர்ரர்ஸ் ஈக்வல் டு இக்னோர் போடுடா, ஓடும்” என்பான். ஓடும்தான். புரியாத பைட்டுகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ஓடும். அப்படிப் படித்ததைத் திருப்பி அதே பெயரில் சேமித்தீர்களோ, படம் காலி. ‘இக்னோர்’ வேண்டாம் ‘ரீப்ளேஸ்’ போடு என்கிறவன் அதைவிட மோசம். புரியாத ஒவ்வொரு பைட்டும் 239, 191, 189 என்ற மூன்று பைட்டாக மாறும். எது எதுவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: படிக்க ‘ஆர்பி’, எழுத ‘டபிள்யூபி’. அந்த ‘பி’ பைனரி. இன்னொன்று, ‘டபிள்யூபி’ என்று திறந்த கணமே பழைய ஃபைல் காலியாகிவிடும், நீங்கள் ஒரு பைட்கூட எழுதுவதற்கு முன்பே. நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள்.

விண்டோஸில் டெக்ஸ்ட் மோடில் எழுதினால் இன்னொரு கூத்து. 10 என்ற பைட்டைக் கண்ட இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் ஒரு 13-ஐ அது சொருகிவிடும், வரி முடிந்ததாக நினைத்துக்கொண்டு. இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் பிஎன்ஜி வடிவத்தை உண்டாக்கியவர்கள். எந்த பிஎன்ஜி படத்தை எடுத்தாலும் முதல் எட்டு பைட் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவே உள்ள 80, 78, 71 பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள். மற்றதெல்லாம் பொறி. எட்டு பிட்டில் ஒன்றை யாராவது வெட்டினால் 137 காட்டிக்கொடுக்கும். வரி முடிவை மாற்றினால் 13, 10 என்ற ஜோடியோ கடைசி 10-ஓ உடையும். பழைய டாஸில் ‘டைப்’ கட்டளை கொடுத்துப் பார்த்தால் 26-ஓடு காட்சி நின்றுவிடும். எட்டே பைட்டில் இவ்வளவு முன்ஜாக்கிரதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடல் ஆய்வுப் பிள்ளைகளுக்குப் பிழைச் செய்தியே வராத ஆபத்து ஒன்று உண்டு. கருவி இரண்டு பைட்டில் 300 என்று எழுதியிருக்கிறது, அதாவது 1, 44. உங்கள் நிரல் பைட் வரிசையைத் திருப்பிப் படித்தால் 11265. நிரல் நிற்காது, சிவப்பு வராது, கிராஃப் அழகாக வரும். ஆழமும் வெப்பமும் மட்டும் பொய். கருவியின் கையேட்டில் பைட் வரிசை எது என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். தெரிந்த ஓர் அளவை முதலில் படித்துச் சரிபாருங்கள்.

தீவுக்குப் போய்வந்த மெமரி கார்டு “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கார்டை எடுத்து வையுங்கள். அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள், அந்த 255, 216 தொடக்கங்களைத் தேடிப் படங்களை மீட்டுத் தரும். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. பழைய கார்டை யாருக்காவது சும்மா கொடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். விரைவு ஃபார்மேட், எந்தப் படம் எங்கே என்ற அட்டவணையைத்தான் அழிக்கிறது. படங்கள் அங்கேயே இருக்கும்.

கடைசியாக, வாட்ஸப்பில் டாக்குமெண்ட் போலவே வந்து சேரும் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயர்களில் நாடெங்கும் சுற்றியது. நாளைக்கே ‘அந்தமான் டூர் பேக்கேஜ்’ என்றும் வரலாம். பெயரையும் ஐகானையும் நம்பாதீர்கள். ஏபிகே என்பது ஒரு ஜிப் பொதிதான், முதல் இரண்டு பைட் 80, 75. அவை ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். வேர்டு டாக்குமெண்ட்டும் அதே இரண்டு பைட்டில்தான் தொடங்குகிறது என்பதால், அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது. பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடவே தொடாதீர்கள். தொட்டு நிறுவிவிட்டீர்கள் என்றால், முதலில் ஏரோப்ளேன் மோடு. பிறகு வேறு ஒரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் அதே போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930. நண்பனுக்குத் தகவல் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.