குதிரை இல்லாமல் ஆடும் கணினி

கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குழியில் ஒரு பாடசாலைப் பிள்ளையின் கையில் இருக்கும் சாதாரண கைத்தொலைபேசிகூட இன்று உலகச் சாம்பியனைச் சதுரங்கத்தில் தோற்கடிக்கும். இதில் மிகைப்படுத்தல் ஏதும் இல்லை. 1997 மே மாதம் நியூயோர்க்கில் அன்றைய உலகச் சாம்பியன் காரி கஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ஐபிஎம்மின் டீப் புளூ, அலுமாரி அளவு பெட்டிகளில் அடைக்கப்பட்ட தனி இயந்திரம். செக்கனுக்கு 20 கோடி நிலைகளை அது அலசியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009இல், புவெனஸ் அயர்ஸில் நடந்த மெர்கோசூர் கிண்ணப் போட்டியில் பொக்கெட் ஃபிரிட்ஸ் என்ற நிரல் 10 ஆட்டங்களில் 9½ புள்ளி எடுத்து முதலிடம் பெற்றது. அது ஓடியது ஒரு கைத்தொலைபேசியில். செக்கனுக்கு அது பார்த்த நிலைகள் 20,000க்கும் குறைவு. டீப் புளூ செய்த வேலையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூடியது வேகம் அல்ல, எந்த நிலையைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற தெரிவு.

அப்படியானால் மனிதரும் கணினியும் மோதும் ஆட்டத்தை இனியும் உட்கார்ந்து பார்ப்பதில் பொருள் உண்டா? இல்லை என்பவர்களின் வாதம் வலுவானது. மனிதர் எவரும் எட்டிய மிக உயர்ந்த தரப்புள்ளி, மக்னஸ் கார்ல்சன் 2014இல் தொட்ட 2882. கணினிகளுக்கான பட்டியல்களில் முன்னணி நிரல்கள் 3600ஐ ஒட்டி நிற்கின்றன. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. கணினிகள் அந்தப் புள்ளியைத் தமக்குள் ஆடியே பெற்றன. ஆனாலும் 700 புள்ளி இடைவெளி என்றால், கணக்குப்படி 100 ஆட்டங்களில் மனிதருக்குத் தேறுவது 2 புள்ளிக்கும் குறைவு. ஓட்டவீரரை மோட்டார் சைக்கிளோடு ஓடவிட்டால் அதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி ஓரிடத்தில் சறுக்குகிறது. மோட்டார் சைக்கிளிடமிருந்து ஓட்டவீரர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கணினியோ மனிதர் ஆடும் அதே பலகையில், அதே விதிகளோடு, மனிதர் விளங்கி எடுத்துக்கொள்ளக்கூடிய நகர்வுகளைச் செய்கிறது. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் அறிவித்த ஆல்ஃபாசீரோ, விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தன்னோடு தானே ஆடிப் பழகிய நிரல். ஸ்டொக்ஃபிஷ் நிரலுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28இல் வென்று, 72ஐச் சமநிலையில் முடித்து, ஒன்றிலும் தோற்கவில்லை. ஸ்டொக்ஃபிஷுக்குத் தரப்பட்ட நேர ஏற்பாடு நியாயமானதா என்று அன்றே சர்ச்சை எழுந்தது. எனினும் ஓரத்துச் சிப்பாயை எதிரி ராஜாவை நோக்கி நெடுகத் தள்ளிக்கொண்டு போகும் அதன் பழக்கம் முன்னணி வீரர்களின் ஆட்டத்துக்குள் வந்துவிட்டது.

மனித – கணினி மோதல்கள் உண்மையில் எதை அளந்தன என்பதற்கு நம்மவர் ஒருவரின் போட்டியே நல்ல சாட்சி. 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் விசுவநாதன் ஆனந்த், நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர் எழுதிய ரெபெல் 10 நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். அப்போது தரவரிசையில் கஸ்பரோவுக்கு அடுத்த இடம் அவருக்கு. முடிவு கணினிக்கு 5–3. செய்தியாகப் பரவியது இந்த ஓர் எண்தான். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கு. அவற்றில் கணினிக்கு 3–1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு; அதிலும் கணினிக்கு 1½–½. ஆற அமர யோசித்து ஆடும் முழுநீள ஆட்டங்கள் இரண்டு. அவற்றில் ஆனந்துக்கு 1½–½. எதிரி ஒன்று, ஆள் ஒருவர், மாறியது கடிகாரம் மட்டும். அவசரத்தில் மனிதர் எவ்வளவு இழக்கிறார், நேரம் கிடைத்தால் அதில் எவ்வளவை மீட்கிறார் என்பதை அந்த எட்டு ஆட்டங்கள் எண்ணாகக் காட்டின. கஸ்பரோவின் 1997 தோல்வியைவிட இது பெறுமதியான சான்று என்பேன்.

அந்த அளவீடு சாத்தியமானது இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்ததால்தான். 2006இல் ஜெர்மனியின் பொன் நகரில் டீப் ஃபிரிட்ஸுடன் ஆடிய விளாடிமிர் கிராம்னிக், இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்வில் வரவிருந்த செக்மேட்டைக் காணாமல் விட்டார். உலகச் சாம்பியன் அவர். களைத்துத் தடுமாறியவர்போலவும் தெரியவில்லை. போட்டி 4–2 என்று கணினிக்குப் போனது. சம பலத்தோடு இரு தரப்பும் தொடங்கும் போட்டியின் காலம் அதோடு முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த அளவீடு எதையும் அளப்பதில்லை.

சரி, மனிதரும் மனிதரும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, கணினியைத் தீர்ப்புச் சொல்ல வைத்தால் போதாதா? இன்று அதுதான் நடக்கிறது. ஒளிபரப்பில் திரையோரம், ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று காட்டும் மதிப்பீட்டுப் பட்டை ஏறி இறங்குகிறது. 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் சென்னை குகேஷ் உலகச் சாம்பியனான அந்தப் பதினான்காவது, கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். குகேஷுக்கும் எதிராளி டிங் லிரெனுக்கும் தலா 6½ புள்ளி. பலகையில் ஒரு சிப்பாய் குகேஷுக்குக் கூடுதல். ஆனால் சரியாக ஆடினால் சமநிலை என்று பட்டை அசையாமல் சொன்னது. 55ஆவது நகர்வில் டிங் லிரென் கோட்டையை எஃப்2 கட்டத்துக்கு இறக்கினார். குகேஷ் கோட்டையைக் கோட்டையால் வெட்டினார். அடுத்து மூலையில் ஏ8இல் மாட்டியிருந்த டிங்கின் மந்திரிக்கு எதிரே தன் மந்திரியைக் கொண்டுபோய் வைத்தார். மந்திரிகள் மாறியதும் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்; கூடுதல் சிப்பாய் வென்றது. 58ஆவது நகர்வோடு டிங் பணிந்தார். பட்டையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது ஒரு சிறுபிள்ளைத்தனமான தவறு. மணிக்கணக்காக ஒருவரை நெருக்கிக்கொண்டே இருந்ததன் விளைவு அது என்பதைப் பட்டை காட்டாது. எது சரி என்று கணினிக்குத் தெரியும். எது மனிதருக்குக் கடினம் என்று அந்தப் பட்டைக்குத் தெரியாது.

மனிதருக்குக் கடினம் எது என்று கணினியே தேட வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அது கணினி ஒரு காயைக் கழித்துவிட்டுத் தொடங்கும் சலுகை ஆட்டம். 2016 ஜனவரியில் ஹிகாரு நகமுராவுக்கு எதிராகக் கொமோடோ நிரல் சிறு சலுகைகளோடு நான்கு ஆட்டங்கள் ஆடி 2½–1½ என்று வென்றது. ஆனால் ஒரு குதிரையையே கழித்தபோது கதை வேறு. 2020இல் அவுஸ்திரேலியக் கிராண்ட்மாஸ்டர் டேவிட் ஸ்மெர்டன் அதே கொமோடோவை 5–1 என்று தோற்கடித்தார். காரணம் நிரலின் எண்ணப்போக்கில் இருக்கிறது. வழக்கமான நிரல், எதிரியும் தன்னைப்போலவே பிழையின்றி ஆடுவார் என்று கருதித்தான் கணக்கிடும். குதிரை இல்லாத நிலையில் அந்தக் கணக்குப்படி எல்லா வழியும் தோல்விதான். ஆகவே காய்களை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை இழுக்கும் நகர்வும் அதற்கு ஒன்றுதான், பலகையைக் கலக்கும் நகர்வும் ஒன்றுதான். காய் கூடுதலாக உள்ள மனிதருக்கு வேண்டியதோ காய்கள் மாறுவதே.

அதன்பின் லீலா என்ற நிரலை உருவாக்குவோர் இதை வேறு வழியில் அணுகினார்கள். குதிரை இல்லாத தொடக்கத்திலிருந்தே ஆடிப் பழகிய நரம்பியல் வலையமைப்பு. எதிரி தன்னைவிடப் பலவீனமானவர், தடுமாறக்கூடியவர் என்ற அனுமானம். அந்த லீலா காய்களை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. பலகையை அடைத்து வைக்கும், முடிச்சுகளை அவிழ்க்காமல் வைத்திருக்கும், நேரம் குறையும்வரை காத்திருக்கும். குதிரை கொடுத்த பிறகும் நகமுரா உட்படக் கிராண்ட்மாஸ்டர்களை அது மின்னல் வேக ஆட்டங்களில் வென்றிருக்கிறது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் வந்த மாற்றம் இது. லீலா கற்றுக்கொண்டது சதுரங்கத்தைப் பற்றி மட்டுமல்ல, மனிதர் தடுமாறும் இடங்களைப் பற்றியும்தான். இந்த ஆட்டங்களைக் கவனித்துப் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட எனக்கு வேறு காரணம் வேண்டாம்.

இது சதுரங்கமே அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சலுகை ஆட்டம் பரவலான நடைமுறை. போல் மோர்ஃபி குதிரையைக் கழித்து ஆடி வென்ற ஆட்டங்கள் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகின்றன. இன்னொரு மறுப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்: கணினி இங்கே சிறந்த நகர்வை விட்டுப் பொறி வைக்கிறது, அதைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் தரமான ஆட்டத்தைக் கற்பார்களா என்பது அது. குகேஷின் வளர்ப்பிலேயே இதற்குப் பதில் கிடைக்கிறது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரைக் கணினியின் மதிப்பீட்டிலிருந்து விலக்கியே வைத்திருந்தார். தானே யோசித்து, தானே சறுக்கி, சறுக்கிய இடத்தைத் தானே தேடிப் பழகிய பிள்ளை அவர். விடையை நீட்டும் கணினிதான் அந்தப் பழக்கத்துக்குக் கேடு. குதிரை இல்லாமல் எதிரே உட்காரும் கணினி விடை எதையும் தருவதில்லை. வென்ற நிலையைக் கையில் கொடுத்து, முடிந்தால் காப்பாற்று என்கிறது. நல்ல பயிற்றுநர் இல்லாத கரையோரப் பாடசாலைகளுக்கு இதைவிட மலிவான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

நான் பார்க்க விரும்பும் போட்டிக்கு வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு முன்னணி வீரர், குதிரை இல்லாத லீலா, இஸ்கியாவில் செய்ததுபோல மூன்று வகை நேர அளவு. ஐந்து நிமிடத்தில் மனிதர் தோற்பார் என்றே எண்ணுகிறேன். முழுநீள ஆட்டத்தில் வெல்வார். பதினைந்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒளிபரப்புவோருக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் முடியும்வரை அந்த மதிப்பீட்டுப் பட்டையைத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.